ஓட்டுநர் தூங்கிவிட்டார், சரி. அப்புறம்?

முந்தாநாள் இரவு டிவியில் சாலை விபத்துகளைப் பற்றி ஒரு விவாதம். விபத்தென்றால் ஓட்டுநரை மட்டும் பார்க்காதீர்கள், சாலையையும் வண்டியையும் பாருங்கள் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களை அதில் கிண்டலடித்தார்கள். "ஒரு நாளாவது லாரி ஓட்டிப் பார்த்திருக்காங்களா இந்தப் புரொபசருங்க? டிரைவர் தூங்கிட்டான், அடிச்சான், அவ்வளவுதான் விஷயம்" என்றார் ஒருவர். நெறியாளர் சிரித்தார். அந்தக் கிளிப்பை மூன்று நண்பர்கள் எனக்கே அனுப்பி, "கரெக்டா சொன்னார்ல?" என்று கேட்டிருந்தார்கள்.

இல்லை, கரெக்டாகச் சொல்லவில்லை.

ஓட்டுநர் தூங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதில் போய் மோதினார்? அது ஏன் அந்த இடத்தில் இருந்தது? மோதிய பிறகு உள்ளே இருந்தவர்கள் ஏன் செத்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்காகவே ஒரு மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தார். பேராசிரியர் தினேஷ் மோகன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1979-ல் டெல்லி ஐ.ஐ.டி.க்கு வந்தார். 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். அந்த விவாதத்தில் ஒரு தடவைகூட அவர் பெயர் வரவில்லை.

விபத்தில் காயத்தையும் சாவையும் எப்படித் தடுப்பது என்று ஆராயும் இந்தத் துறையே ஆகாயத்திலிருந்து, அதாவது விமான விபத்துகளிலிருந்து, தரைக்கு வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1917-ல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் மோதி விழுந்து உயிர் பிழைத்தவர் ஹியூ டிஹேவன். தன் உடம்புக்குள் ஏற்பட்ட காயத்துக்குக் காரணம் தான் போட்டிருந்த பெல்ட்டின் கொக்கி என்று அவர் முடிவுக்கு வந்தார். அதன் பிறகு உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடித் தேடி ஆராய்ந்து, 1942-ல் கட்டுரை எழுதினார். 'யார் தவறு' என்பது அவர் கேள்வியே இல்லை. 'இவர் எப்படிப் பிழைத்தார்' என்பதுதான் கேள்வி. இன்று காரில் நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோவுக்காக வடிவமைத்த நில்ஸ் போலினும் அதற்கு முன் போர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி வெளியே வீசும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர்தான். தினேஷ் மோகனும் இதே வழியில் வந்தவர். உயரத்திலிருந்து விழுந்த குழந்தைகளின் தலைக்காயங்களைக் கணக்குப் போட்டு, ஒரு மண்டை எவ்வளவு அடி தாங்கும் என்று பார்த்தவர். 1979-ல் வந்த ஆய்வு அது.

விமானம் விழுந்தால் என்ன செய்கிறார்கள் பாருங்கள். விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச விதியிலேயே எழுதியிருக்கிறது. இருக்கை கழன்றதா, கதவு திறந்ததா, ஓடுபாதை முடிவில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சாலையில் பஸ் கவிழ்ந்தால்? ஒரு எப்.ஐ.ஆர். "அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி வந்து." அதோடு முடிந்தது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று அரசே சொல்கிறது. அத்தனை பேரும் அஜாக்கிரதையால்தான் செத்தார்களா?

"அப்போ குடிச்சிட்டு ஓட்டறவனை விட்டுடலாமா?" என்று கமென்ட்டில் கேட்பீர்கள், தெரியும். விட வேண்டாம், பிடியுங்கள், தண்டியுங்கள். நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவனைப் பிடித்துவிட்டதால் ரோட்டு வளைவு சரியாகிவிடுமா?

இந்தப் புரொபசர்கள் செய்வது "ஏசி ரூம் ஆராய்ச்சி" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதுதான் எனக்கு வலிக்கிறது. ஹரியானா கிராமங்களில் மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விவசாயிகளும் குழந்தைகளும் விரலை, கையை இழந்துகொண்டிருந்தார்கள். 'கவனமாக இருங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு தினேஷ் மோகன் வந்துவிடவில்லை. அவரும் அவர் குழுவும் அந்த இயந்திரத்துக்குக் காப்பும் பூட்டும் வைத்து மாற்றி வடிவமைத்தார்கள். பட்டாசுக் காயத்தை ஆராய்ந்தார்கள். லாரியின் முகப்பை எப்படிச் செய்தால் அடிபட்டவர் பிழைப்பார் என்று ஆராய்ந்தார்கள். மேல்நாட்டு விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள், இங்கே சாகிறவர்கள் காரில் போகிறவர்கள் அல்ல, நடப்பவர்களும் சைக்கிளில், டூவீலரில் போகிறவர்களும்தான் என்று ஓயாமல் சொன்னவர் அவர். உலக சுகாதார நிறுவனம் 2004-ல் வெளியிட்ட சாலைக் காயத் தடுப்பு அறிக்கையின் பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். இதெல்லாம் ஏசி ரூமா?

டெல்லியில் தினேஷ் மோகன் ஆதரித்தபடி பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டார்களே, அது தோல்விதானே என்பீர்கள். 2008-ல் திறந்தது, 2016-ல் இடித்தார்கள், உண்மை. குறைகள் இருந்தன. ஆனால் அன்றைக்குக் கத்தியவர்கள் யார்? பெரும்பாலும் காரில் இருந்தவர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களிடம் யார் மைக்கை நீட்டினார்கள்?

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்றால், என் அப்பா பஸ் ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம். ஒரு மார்கழி மாதம், விடியற்காலை நாலு மணிக்கு, எங்கள் ஊருக்கு வரும் வழியில், பனிக்குள் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் இடித்தார். பின் விளக்கு இல்லை. ஒளிரும் ஸ்டிக்கர் இல்லை. பின் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லைக் கொடுத்து, பத்தடி தள்ளி ரோட்டில் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துப் போட்டிருந்தார்கள், அதுதான் எச்சரிக்கை. நான் மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தக் கொப்பு அங்கேயே கிடந்தது, இலைகூட வாடவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா இறந்துபோனார்கள். அப்பாவுக்கு இடது கால் போனது.

அப்பா தூங்கினாரா? இல்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் நான் இப்போது அதற்காக வாதாட வரவில்லை. ஒரு நிமிடம் கண் அசந்தே இருக்கட்டும். ஒரு நிமிட அசதிக்கு ஒரு அம்மாவின் உயிர்தான் விலையா? முன் சீட்டில் பெல்ட் இருந்திருந்தால்? அந்த லாரி நிற்க ஓரத்தில் இடம் இருந்திருந்தால்? ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தூங்கிட்டியா?" சொந்தக்காரர்கள் கேட்டார்கள், டிப்போவில் கேட்டார்கள், கோர்ட்டில் கேட்டார்கள். அதையேதான் முந்தாநாள் டிவியிலும் கேட்டார்கள்.

அந்த எப்.ஐ.ஆர். நகல் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. நேற்று ராத்திரி எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கம். அப்பாவைப் பற்றித்தான் முழுக்க. லாரியைப் பற்றி அரை வரி: 'சாலையோரம் நின்றிருந்த லாரி.'

அது சாலையோரம் நிற்கவில்லை. சாலையில் நின்றது.