டி கோல் ஆட்சியைப் 'பிடித்தவர்' அல்ல

“1958இல் ஜெனரல் டி கோல் ராணுவத்தை ஏவி பிரான்சின் அதிபரானார்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. அப்போது அவர் படைப்பதவி எதிலும் இல்லாமல் கொலொம்பே கிராமத்து வீட்டில் இருந்தார்.

மே 13இல், அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில், அல்ஜீரியாவை விட்டுவிடக் கூடாது என்ற பிரெஞ்சுக் குடியேறிகளும் ராணுவத்தினரும் செய்த கலகம் வெடித்தது. மே 24இல் பிரான்சின் கோர்சிகா தீவும் கலகக்காரர்கள் கைக்குப் போனது. அடுத்து பாரிஸ்தான் என்ற பயம் உண்மை. அந்தப் பயம் அவருக்கு உதவியது, அவரும் அதைத் தணிக்க அவசரப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவரை அழைத்தவர் அதிபர் ரெனே கொத்தி. ஜூன் 1இல் நாடாளுமன்றம் 329க்கு 224 என வாக்களித்து அவரை ஏற்றது. அதுவும் பிரதமராக! இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். செப்டம்பர் 28இல் புதிய அரசியலமைப்புக்குப் பொதுவாக்கெடுப்பு. டிசம்பர் 21இல் சுமார் 80,000 வாக்காளர்கள் கொண்ட தேர்வுக்குழு அவரை அதிபராக்கியது. மக்களின் நேரடி வாக்கு 1965இல்தான்.

1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் நான்கு ஜெனரல்கள், அல்ஜீரியாவை அவர் விட்டுக்கொடுக்கிறார் என்று கலகம் செய்தது அவருக்கு எதிராகவே. அன்று தொலைக்காட்சியில் அவர் அணிந்து வந்தது 1940இல் பெற்ற பதவிக்குரிய இரண்டு நட்சத்திரச் சீருடை.