கைதிக்கும் வேண்டும் ஒரு போட்டோஸ்டேட் மெஷின்

சிறையில் இருப்பவர் தன் வழக்குத் தாள்களை அங்கேயே இலவசமாக நகலெடுக்க வசதி வேண்டும் என்று சொன்னால், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பாதிப் பேர் சிரிப்பார்கள். "தப்பு செஞ்சிட்டு உள்ளே போனவனுக்கு நம்ம வரிப்பணத்துல போட்டோஸ்டேட்டா?"

சரி, கேட்கட்டும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லாருமே தண்டனை பெற்றவர்கள் இல்லை. ஜாமீன் கட்ட வழியில்லாமல் விசாரணைக்குக் காத்துக் கிடப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பணம் கட்டியவன் வீட்டில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டுகிறான். கட்டாதவனுக்காக அவன் அம்மா அலைகிறார்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவுப்படி, கோர்ட்டில் விசாரணை தொடங்கும் முன்பே போலீசில் முதலில் கொடுக்கப்பட்ட ரிப்போர்ட்டின் நகலும், அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்களின் நகலும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தத் தாள்களை லோயருக்குக் கொடுத்துவிட்டால் இவன் கையில் என்ன இருக்கும்? இன்னொரு செட் வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் டவுனில் போட்டோஸ்டேட் கடை என்றால் பள்ளி நோட்டு, ஐசி (அடையாள அட்டை) நகல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே மேசைதான். அங்கே ஓர் அம்மா மகனின் தாள்களை நீட்டியதைப் பார்த்தேன். நான்காக மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். கடைப்பையன் ஸ்டேப்பிளைப் பிடுங்கிவிட்டு முன்பக்கங்களை மட்டும் அடித்தான். "தம்பி, பின்னாலயும் எழுத்து இருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் திருப்பிப் போட்டான். மடிப்பு விழுந்த இடம் கறுப்புக் கோடாகி ஒரு வரியையே விழுங்கியிருந்தது. அதற்குள் பின்னால் நின்றவர்களுக்கு எந்தச் செக்‌ஷன், என்ன கேஸ் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டாலும் எல்லாரும் தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் இருந்த பழைய லயத்து ஆட்கள்தானே. சாயங்காலத்துக்குள் கதை கோயில் வாசலுக்குப் போய்விடும்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015ல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 53வது விதி, கைதி தன் வழக்கு ஆவணங்களைச் சிறை நிர்வாகம் பார்க்காதபடி தன்னிடமே வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதிகாரியே பார்க்கக்கூடாத தாளை இங்கே ஊரே படிக்கிறது.

கெடு வேறு இருக்கிறது. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புகளுக்கு மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க 14 நாள். உள்ளே இருப்பவர் அதைச் சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னாலும் போதும் (இது பல குடும்பங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்). ஆனால் எதனால் தீர்ப்பு தவறு என்று விளக்கத் தாள் வேண்டாமா? 2023ல் கட்டாய மரண தண்டனையை எடுத்த பிறகு, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு வழி பிறந்தது. மனு போட 90 நாள்தான் கொடுத்தார்கள். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஃபைலை எந்த அலமாரியில் தேடுவது?

செலவைப் பற்றிப் பேசுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். ஒரு தாள் இல்லாமல் வழக்கு தள்ளிப்போனால், கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, கூட வந்த காவலர்கள், சாட்சி சொல்ல லீவு போட்டு வந்தவரின் ஒரு நாள் சம்பளம் எல்லாம் வீண். பக்கத்துக்கு 10 காசு, 20 காசு இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

சிறைக்கு ஒரு மெஷின் போதும். சொந்த வழக்குத் தாள் என்றால் காசு வாங்கக்கூடாது. அடித்த பக்கத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும், படிக்க வேண்டாம். அடுத்த தீபாவளி விருந்துக்கு எம்.பி. வரும்போது கோயில் மானியத்தோடு இதையும் கேட்கப் போகிறேன். கூட வருபவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.