அதுவும் புத்தகம்தான் சார்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள், மறுபடி முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. ஆமாம், தான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச மேடையேறிய அந்தப் பையன் என் அக்கா மகன்தான். அவன் கையில் இருந்தது கின்னஸ் போடுகிற வீடியோ கேம் சாதனைப் புத்தகம்தான், அந்த 'கேமர்ஸ் எடிஷன்'. அவன் பேசி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு "சரிப்பா, அடுத்த தடவை ஒரு நல்ல புத்தகமா எடுத்துட்டு வா" என்று ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. அவர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், அந்தச் சிரிப்பைத்தான் விட முடியவில்லை.

அதுவும் புத்தகம்தான் சார். அட்டை இருக்கிறது, பக்கங்கள் இருக்கின்றன, ஓரம் மடங்கி முதுகு கிழிந்து டேப் ஒட்டுகிற அளவுக்கு ஒரு பையன் அதைப் படித்திருக்கிறான். உங்கள் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற எத்தனை புத்தகங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

அவன் என்ன பேசினான் என்று வீடியோவில் சரியாகக் கேட்காது, அதனால் நான் சொல்கிறேன். டிராக்ஸ்டர் என்று 1980இல் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட, அட்டாரி என்ற பழைய வீடியோ கேம் கருவியில் ஆடுகிற ஒரு கேம். ஒரு கார், கியரை மாற்றி மாற்றி எல்லைக்கோட்டைத் தொட வேண்டும், மொத்தமே ஆறு வினாடி விவகாரம். டாட் ராஜர்ஸ் என்பவர் 1982இல் இதை 5.51 வினாடியில் முடித்ததாகப் பதிவாகி, மிக நீண்ட காலம் முறியடிக்கப்படாத வீடியோ கேம் சாதனை என்று கின்னஸே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருவர் உட்கார்ந்து அந்த கேமின் நிரலையே பிரித்து மேய்ந்து, என்னதான் கச்சிதமாக ஆடினாலும் 5.57க்குக் கீழே போக வழியில்லை என்று காட்டினார். 2018இல் சாதனையைத் தூக்கிவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் நின்ற ஒரு எண்! அந்த 5.57 எப்படி வருகிறது என்று கியர் கணக்கைச் சொல்ல ஆரம்பித்த இடத்தில்தான் மைக் போனது. பதினோரு வயது அவனுக்கு. அந்த அரங்கில் இருந்த பெரியவர்களில் எத்தனை பேர் தாங்கள் படித்த புத்தகத்திலிருந்து இப்படி ஒன்றை எடுத்து விளக்கினார்கள் என்று கேட்டால் நான் திமிர் பிடித்தவன் ஆகிவிடுவேன்.

"அதெல்லாம் நெட்டிலேயே இருக்கே, அச்சடிச்ச அன்னிக்கே பழசாயிடுமே" என்கிறார்கள். சரி, பழசாகும்தான். பழசாவதுதான் அதன் அருமையே. இணையத்தில் இன்றைய நிலவரம்தான் முதலில் கண்ணில் படும், நேற்று என்ன எழுதியிருந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும். டாங்கி காங் என்ற பழைய கேமில் பில்லி மிட்செல் என்ற ஆட்டக்காரர் எடுத்த ஸ்கோர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காசு போட்டு ஆடுகிற அசல் ஆர்கேட் இயந்திரத்தில்தான் ஆடினாரா என்ற சண்டையில் 2018இல் நீக்கினார்கள், 2020இல் கின்னஸ் திரும்பச் சேர்த்தது. ஒரு சாதனை ஏறி இறங்கி மறுபடி ஏறுகிற கதை தெரிய வேண்டுமானால் பழைய பதிப்புகளும் வேண்டும். 2008இல் வந்த முதல் பதிப்பை யாராவது எடைக்குப் போடப் போகிறீர்கள் என்றால் என்னிடம் கொடுங்கள்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செய்தித்தாளில் வருகிற கிரிக்கெட் ஸ்கோர் கார்டுகளைக் கத்தரித்து, பழைய கணக்கு நோட்டில் பசை தடவி ஒட்டுவார். பந்துவீச்சு வரி சுருங்கிவிடக் கூடாது என்று ஸ்கேலை வைத்து அழுத்தி இழுப்பார், விரலெல்லாம் மை. பிராட்மனின் சராசரி 99.94, கடைசி இன்னிங்ஸில் நாலே நாலு ரன் அடித்திருந்தால் நூறு என்று வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார். கேட்டவர்கள் "என்ன ஞாபகசக்தி சார் உங்களுக்கு" என்று வியந்து போவார்கள். அவருக்குப் பெயர் அறிவாளி. அவருடைய பேரன், பாக்-மேன் கேமில் எடுக்க முடிகிற உச்ச ஸ்கோர் 33,33,360 என்று சொன்னால் அவனுக்குப் பெயர் உருப்படாதவன். இது எந்த ஊர் நியாயம்?

அந்த எண்ணோடு அவன் நிற்பதும் இல்லை. அதற்கு மேல் ஏன் முடியாது என்றும் சொல்வான். லெவல் எண்ணை வைத்துக்கொள்ள அந்த இயந்திரத்தில் ஒரே ஒரு பைட் இடம், 255 வரைதான் எண்ணும், 256ஆவது லெவலில் ஓரத்தில் பழம் வரைகிற கணக்கு தறிகெட்டுப் போய்த் திரையின் வலது பாதி முழுக்கக் குப்பையாகிவிடும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது ஏன் தெரியுமா மாமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. வரைய வேண்டிய உருவங்கள் குறைவதால் இயந்திரத்துக்கு வேலை குறைகிறதாம், அதனால் மிச்சமிருப்பவை வேகமாக நகர்கின்றனவாம். சின்ன வயதில் எத்தனையோ முறை ஆடியிருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்து "வெறும் துணுக்கு, படம்தானே, இதில் இலக்கியம் எங்கே" கோஷ்டி. இலக்கியம் என்று யார் சொன்னது? அகராதியில் இலக்கியம் தேடுவீர்களா? பக்கத்துக்குப் பத்துப் படம், கண்ணைக் கூசுகிற நிறங்கள், பதிப்பாசிரியருக்குக் கொஞ்சம் ரசனை இருந்திருக்கலாம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கின்னஸ் புத்தகம் பிறந்த கதையே வேட்டைக்குப் போன இடத்தில் வேட்டையாடப்படுகிற பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமானது எது என்று வந்த வாக்குவாதம்தான். வாய்ச்சண்டையைத் தீர்க்க 1955இல் முதல் பதிப்பு போட்டார்கள். அது பறவையின் வேகத்தைச் சொன்னால் பொது அறிவு, கேமின் வேகத்தைச் சொன்னால் குப்பையா?

"பையன் கேமுக்கு அடிமையாகிவிடுவான்" என்பவர்களுக்குப் பெரிதாகப் பதில் இல்லை. அவன் புத்தகம் படிக்கிறான் ஐயா. புத்தகம்.

எனக்கு இதில் உண்மையில் வலிப்பது வேறு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை 157ஆவது லெவல் வரை கொண்டுபோய் கேமையே உறையவைத்தான். 29ஆவது லெவலைத் தாண்ட முடியாது என்று பல வருஷம் நம்பியிருந்தார்கள். அந்தச் செய்தியைச் சொன்ன ஒரு பிரிட்டிஷ் டிவி தொகுப்பாளர், திரையை விட்டு விலகி வெளியே போய்க் காற்று வாங்கு என்று அவனுக்கு அறிவுரை சொல்லி முடித்தார். பதின்மூன்று வயதில் செஸ்ஸில் இப்படி ஒன்றைச் செய்திருந்தால் காற்று வாங்கச் சொல்லியிருப்பார்களா? பிள்ளைகள் ஏதோ ஒன்றில் நம்மைவிட ஆழமாகப் போய்விட்டால் நமக்கு உடனே ஒரு எரிச்சல் வருகிறது, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அரங்கில் சிரித்தவர்களில் என் நண்பர்கள் இருந்தார்கள். என் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதியவர் இருந்தார். அவருக்கு அது என் அக்கா மகன் என்றும் தெரியும்.

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் 'சிறுவர்கள் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்கள்' பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. நன்றி, போதும். அதில் பாதியை அவன் படித்துவிட்டான், அவற்றைப் பற்றி மேடையேறிச் சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை, இதைப் பற்றித்தான் இருந்தது. அதனால்தான் இதை எடுத்து வந்தான்.

மைக் வாங்கியவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். அந்தப் புத்தகத்தை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சண்டை போடலாம், ஆனால் "முதல்ல பையன்கிட்ட இருந்து போனை வாங்குங்க" என்று ஆரம்பிக்கிற கமெண்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.