அமைதியானவன் என்று எழுதிவிடாதீர்கள்

ஓர் ஆளைப் பயிற்றுவிக்க வேண்டுமா? முதலில் அவர் எந்த 'டைப்' என்று கண்டுபிடி, அப்புறம் அந்த டைப்புக்கு ஏற்றபடி பேசு, வேலை கொடு, வழிகாட்டு. மலேசியாவின் பினாங்குத் தொழிற்சாலைகளில் லீடர், சூப்பர்வைசர் என்று பொறுப்புக்கு வருபவர்களில் பலருக்கு இதுதான் முதல் பாடம். ஹோட்டல் மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி நடக்கும். காலையில் கேள்வித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள், டிஸ்க் (DISC) என்ற குணச் சோதனைப்படி டி (ஆதிக்கம்), ஐ (பிறரைக் கவர்தல்), எஸ் (நிதானம்), சி (ஒழுங்கு) என்று நான்கு மூலைகளில் ஆட்களைப் பிரித்து நிறுத்திவிடுவார்கள். மாலையில் சான்றிதழ், குழுப்படம். மறுநாளே லைனில் பேச்சு தொடங்கிவிடும்: "அவன் எஸ் டைப்லா, முன்னால நிக்கவெக்காத."

இந்த முறை நம் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறது. பல வருடங்களாக இந்தத் துறையில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் என்று நான் சொல்வது, தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, போலிடெக்னிக் முடித்து, பாயான் லெப்பாசிலோ பிறையிலோ டெக்னீஷியனாகச் சேரும் பையன்களையும் பெண்களையும். வீட்டில் தமிழ். ஓப்பரேட்டர்களிடம் மலாய். மின்னஞ்சலும் ரிப்போர்ட்டும் ஆங்கிலம். மேலதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பல இடங்களில் சீன மொழிகளான ஹொக்கியன் அல்லது மாண்டரின். இப்படி ஒரு நாளைக்கு நான்கு மொழிகளுக்கு நடுவே நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலக் கேள்வித்தாளை நீட்டி, 'கூட்டத்தில் நீ முதலில் பேசுவாயா?' என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்க்கும்? காலை எட்டு மணி புரொடக்‌ஷன் மீட்டிங்கைத்தான். இல்லை என்று கட்டத்தை நிரப்பிவிட்டு நகரும். பதில் வந்துவிடுகிறது: உள்முக சுபாவம், நிதானமானவர், மாற்றத்தை விரும்பாதவர், பின்னணி வேலைக்குப் பொருத்தமானவர்.

மூன்றாவது மொழியில் வாய் திறக்கத் தயங்குவதற்குக் குணம் என்று பெயர் வைத்தாயிற்று. என் முழு ஆட்சேபமும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பிரிவில் ஒரு தம்பி. நல்ல டெக்னீஷியன், கை சுத்தம். மீட்டிங்கில் மட்டும் ஒரு வார்த்தை வராது. அவன் தாளில் எஸ் என்று வந்தது. அப்போதிருந்த சூப்பர்வைசர் அவன்மேல் அன்புள்ளவர்தான். தாளில் எழுதியிருந்ததை நம்பி, அவனுக்கு ஏற்ற வேலை என்று உதிரிபாகக் கணக்கையும் பராமரிப்புப் பதிவையும் கொடுத்தார். 'அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம்' என்பார். அவனும் சரி என்று தலையாட்டிக்கொண்டு அதையே செய்துவந்தான்.

தைப்பூசத்தன்று அவனைத் தண்ணீர்மலைச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பார்த்தேன். தோளில் துண்டு, கையில் மைக், தொண்டை கட்டிப்போயிருந்தது. ஐஸ் லாரிக்காரரை மலாயில் பின்னால் வரச்சொல்லி வழிகாட்டுகிறான். பாத்திரம் கழுவும் அக்காமார்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கிறான். மோர் ஊற்றும் வரிசை நெருக்கியடிக்கத் தொடங்கியதும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேசையைத் தள்ளிப்போட்டு வரிசையை இரண்டாகப் பிரித்தான். ஐஸ் தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும், பக்கத்துப் பந்தலில் கைமாற்றாக வாங்கி வர இரண்டு பையன்களை அனுப்பினான். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. அவனைவிட இருபது வயது மூத்தவர்கள் அவன் சொன்னபடி கேட்டார்கள். "தம்பி இருந்தா கவலையில்லை" என்றார் பந்தல் நடத்தும் பெரியவர் ஒருவர்.

இவனைத்தான் முன்னால் நிற்கவைக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த டைப்புகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1921-இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் மனித மனத்தின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்களுக்கு முத்திரை குத்துவதற்கு அதைப் பயன்படுத்துவது வெறும் பிள்ளை விளையாட்டு என்று அவரே பிற்பாடு எழுதியும் இருக்கிறார். அவருடைய கருத்துகளை வைத்து அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற தாயும் மகளும் எம்பிடிஐ (MBTI) என்ற நான்கெழுத்துச் சோதனையை உருவாக்கினார்கள். இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்லர். அந்தச் சோதனையை இன்று விற்கும் நிறுவனமே, வேலைக்கு ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது.

நம் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் டிஸ்க் முறைக்கு மூலம் வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதிய நூல். வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் இவர்தான். மார்ஸ்டன் கேள்வித்தாள் எதையும் தயாரிக்கவில்லை. அதைச் செய்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர் சொன்னதில் ஒரு முக்கியமான பாதி இருந்தது: தான் இருக்கும் சூழல் தனக்கு அனுகூலமா, எதிரா என்று ஒருவர் உணர்வதைப் பொறுத்தே அவர் நடத்தை அமைகிறது. அதாவது சூழலும் கணக்கில் உண்டு. ஹோட்டல் மண்டபத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பாதி உதிர்ந்துபோய், எழுத்து மட்டும் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. அந்தத் தம்பிக்குப் பந்தல் அனுகூலமான இடம். மீட்டிங் அப்படி இல்லை. மார்ஸ்டன் பார்வையிலேயே பார்த்தாலும் முதலில் கவனிக்க வேண்டியது மீட்டிங்கைத்தான்.

"ஆனால் எனக்கு வந்த பதில் அப்படியே பொருந்துதே" என்பவர்கள் நிறையப் பேர். பொருந்தத்தான் செய்யும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, உன் குணம் இதுதான் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே வாசகம், அதுவும் பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ராசிபலனை வாசித்துவிட்டு 'நம்மளைப் பத்தியே சொல்றான்' என்று வியக்கும் மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

ஆளுக்கு ஆள் குணம் மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளே வேறு வேறு மாதிரி இருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரிதும் நம்பிப் பயன்படுத்துவது ஐந்து குணக்கூறுகள் என்ற முறையை. அதில் பெட்டிகள் கிடையாது, அளவுகோல்தான் உண்டு. பேசும் இயல்பு என்ற கோட்டில் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருப்போம். அந்தக் கோட்டை நடுவில் வெட்டி 49 எடுத்தவரை ஒரு டைப், 51 எடுத்தவரை இன்னொரு டைப் என்று சொன்னால், ஒருவர் இன்று ஒரு டைப்பாகவும் சில வாரம் கழித்து வேறு டைப்பாகவும் வருவதில் ஆச்சரியம் என்ன?

மொழியைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் இரண்டு மொழியிலும் குணச் சோதனை வைத்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது அதே ஆட்கள் கூடுதல் வெளிமுக சுபாவம் உள்ளவர்களாகத் தெரிந்தார்கள். எந்த மொழியில் எந்தப் பக்கம் சாயும் என்பது ஊருக்கு ஊர் மாறலாம். கேட்கும் மொழி மாறினால் பதிலும் மாறக்கூடும் என்பதுதான் இதில் நமக்கு முக்கியம். நான்கு மொழி புழங்கும் பினாங்கில் ஒரே மொழியில் சோதனை வைத்து, வந்த பதிலை ஒருவரின் பணிக்கோப்பில் நிரந்தரமாகச் சேர்ப்பது எந்த விதத்தில் நியாயம்?

இதைவிட எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த எழுத்துகள் எல்லோர்மேலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மேலே இருப்பவர் மேசையைத் தட்டிக் கத்தினால், 'அவர் டி டைப், ரிசல்ட் பார்ப்பவர், நாம்தான் புரிந்துகொண்டு போகணும்' என்கிறார்கள். அதே கத்தலை ஓர் ஓப்பரேட்டர் கத்தினால் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. அவருடைய டைப் என்ன என்று அப்போது யாரும் கேட்பதில்லை. மேலே உள்ளவருக்கு டைப் ஒரு சலுகை. கீழே உள்ளவருக்கு அது ஒரு எல்லைக்கோடு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நம்முடையவர்கள். அந்த மரியாதையையும் 'தன்முனைப்பு குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. விரல் ரேகையை எடுத்து உங்கள் குழந்தை எந்த வகை, எப்படிப் படிக்கும், எந்தத் துறைக்குப் போகும் என்று சொல்லும் சோதனைகளைப் பேரங்காடிகளில் விற்கிறார்கள். நம் ஆட்கள் வரிசையில் நின்று காசு கட்டுகிறார்கள். விரல் ரேகையை வைத்து அறிவையோ குணத்தையோ அளக்க முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கண்ணால் படிக்கும் குழந்தை, காதால் படிக்கும் குழந்தை என்று பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கும் என்ற கருத்தையும் உளவியலாளர்கள் 2008-இல் அலசிப் பார்த்து, போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல கதைப்புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.

சரி, டைப் பார்க்காமல் ஓர் ஆளை எப்படி வளர்ப்பது? அதே தம்பியின் கதையில் பதில் இருக்கிறது.

அவனுக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, எல்லோரும் காக் (மலாயில் அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை. அவனை கேன்டீனுக்குக் கூட்டிப்போய், மீட்டிங்கில் எந்த இடத்தில் சிக்குகிறாய் என்று கேட்டார். அவன் சொன்ன பதில் மிக எளிமையானது. மெஷினில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள் என்றான்.

அவர் செய்தது இதுதான். மலாயிலேயே பேசு, மேனேஜரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நீ பார்க்கும் இரண்டு மெஷின்களைப் பற்றி மட்டும், ஒரே ஒரு நிமிடம். பேச்சைத் தொடங்க உதவியாகக் கையில் மெஷினின் பிழைக்கணக்குத் தாள். மீட்டிங்கில் அவன் முறையை முதலாவதாக மாற்றினார், காத்திருந்து பயம் ஏறக் கூடாது என்று. முடிந்ததும் இரண்டு வார்த்தை சொல்வார்: இது தெளிவாக இருந்தது, இதை நாளைக்கு இன்னும் சுருக்கு.

முதலில் தாளைப் பார்த்தே படித்தான். பிறகு ஒருநாள் மேனேஜர், இரவு ஷிப்டில் மட்டும் ஏன் பாகங்கள் இவ்வளவு வீணாகின்றன என்று கேட்டார். தம்பி தாளைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னான். பிக் அண்ட் பிளேஸ் மெஷினில் சிறு பாகங்களை உறிஞ்சி எடுக்கும் நாசில் இருக்கிறது. அழுக்கு அடைத்தால் உறிஞ்சும் பிடி குறைந்து பாகம் நழுவும். ஷிப்ட் மாறும் அவசரத்தில் அதைச் சுத்தம் செய்வது விட்டுப்போகிறது, பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் செய்யும் என்று விடுகிறது, இரவு ஷிப்ட் பகலில் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறது என்றான். ஷிப்ட் மாறுவதற்கு முன்பே சுத்தம் செய்து கையெழுத்துப் போடும்படி மாற்றினார்கள், வீணாவது குறைந்தது. அது அவனுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கிறது. சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவனை உதிரிபாக அறையில் உட்காரவைத்திருந்த காலம் முழுக்கப் பாகங்கள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன.

சாப்பாட்டு மேசையில் அவன் இன்றும் அதிகம் பேசுவதில்லை. அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. காக் மாற்ற நினைத்ததும் அவன் குணத்தை அல்ல. ஒரு குறிப்பிட்ட வேலையில் எது தடுக்கிறது என்று பார்த்தார். மொழியா, தெரியாமையா, பயமா, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளா? நான்குக்கும் மருந்து வேறு. மொழி என்றால் மொழியை மாற்றலாம். தெரியாமை என்றால் சொல்லிக் கொடுக்கலாம். பயம் என்றால் சின்ன அளவில் தொடங்கிப் பழக்கலாம். எதிரே இருக்கும் ஆள்தான் தடை என்றால், பயிற்சி தேவைப்படுவது அந்த ஆளுக்கு. எஸ் என்ற ஓர் எழுத்து இந்த நான்கையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது.

இந்நாட்டில் பயிற்சிக்குப் பணம் இல்லாமல் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற அரசு மனிதவள மேம்பாட்டு அமைப்புக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் பல பயிற்சிகள் நடக்கின்றன. நம் பிள்ளைகளின் உழைப்பை வைத்துக் கட்டப்படும் பணம் அது. அதை நான்கு மூலையில் நிற்கவைக்கச் செலவழிக்காமல், மீட்டிங்கில் பேசப் பழகுவதற்கும், ரிப்போர்ட் எழுதுவதற்கும், ஓர் ஆளை உட்காரவைத்துக் கேட்கத் தெரிந்த சூப்பர்வைசர்களை உருவாக்குவதற்கும் செலவழிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் நம்மவர்களே, இது உங்கள் கையில் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: கேள்வித்தாள் கொடுத்தால் மலாயில் கிடைக்குமா என்று கேளுங்கள். வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் டைப்பை எழுதியிருந்தால், இதற்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம், இதை எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். 'அமைதியானவர், முன்னிலைப் பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர்' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, எந்த வேலையில், எந்த நாளில் நான் அப்படி நடந்தேன் என்று கேட்டு, அந்த உதாரணத்தையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.