கர்தார்பூருக்குப் பதில் வேறு எந்த ஊர்?

பாகிஸ்தானில் இருக்கும் சீக்கியர் கோயிலான கர்தார்பூர் குருத்வாராவுக்குப் போவது பற்றி நேற்று முதல் அந்தப் பயணக் குழுவில் நடக்கும் சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "பஞ்சாப் முழுக்க குருத்வாரா இருக்கும்போது பாகிஸ்தானுக்குள் போய்த்தான் கும்பிட வேண்டுமா? அவ்வளவு ஆசையென்றால் அங்கேயே இருந்துவிடட்டும்" என்று ஒருவர் எழுத, ஆமாம் போட ஒரு கூட்டம். நான் எழுதிய பதிலை நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கர்தார்பூர் பத்தோடு பதினொன்றான குருத்வாரா அல்ல. சீக்கிய மதத்தைத் தோற்றுவித்த குரு நானக் ஊர் ஊராக நடந்து முடித்தபின் ராவி ஆற்றங்கரையில் குடியமர்ந்த இடம். கடைசி 18 ஆண்டுகள் ஏர் பிடித்து உழுதது அங்கேதான். சாதி பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் வேர் பிடித்தது அங்கேதான். பெற்ற மகன்கள் இருக்க, லெஹ்ணா என்ற சீடரைத் தமக்கு அடுத்த குருவாக, குரு அங்கத் ஆக்கியது அங்கேதான். 1539இல் உயிர் பிரிந்ததும் அங்கேதான். இதற்கு மாற்றாக எந்த ஊரைக் காட்டுவீர்கள்?

உடலை எரிப்பதா புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதாடியதாகவும், போர்வையை விலக்கினால் பூக்கள் மட்டுமே இருந்ததாகவும் சீக்கிய மரபு சொல்கிறது. இன்றும் அங்கே சமாதியும் உண்டு, முற்றத்தில் கல்லறையும் உண்டு. "எதிரி நாட்டுக் கோயில்" என்று எழுதியவருக்கு இதெல்லாம் தெரியுமா?

1947இல் கோடு கிழித்தபோது அந்தத் தலம் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். அமிர்தசரஸில் வேலை பார்த்த காலத்தில், இங்கிருந்து கர்தார்பூருக்கு விசா இல்லாமல் போகும் பாதை திறக்கும் முன்பு, எல்லையில் இந்தியப் பக்கம் இருக்கும் தேரா பாபா நானக்குக்குப் போயிருக்கிறேன். எல்லையோர மேடையில் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. தம் முறை வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். துப்பட்டாவைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார். நாணலுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம், அவ்வளவுதான் தெரியும். அவர் நிமிரும்வரை பின்னால் நின்ற ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மாவிடம் போய் "இங்கே வேறு குருத்வாரா இல்லையா" என்று கேட்க உங்களுக்கு வாய் வருமா?

நம் ராமேசுவரத்து மக்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குக் கடல் தாண்டிப் போகிறார்கள். தங்கச்சிமடத்தில் தேவாலயம் இல்லையா என்று அவர்களைக் கேட்போமா?

பாதுகாப்பு முக்கியமில்லையா என்பீர்கள். முக்கியம்தான். பஹல்காம் கொலைகளுக்குப் பின் 2025 மே மாதம் பாதையை மூடியதை நான் குறை சொல்லவில்லை. மூடியதற்காக வருந்துகிறவர்களைத் தேசத்துரோகி என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சீக்கியர்களிடமா தேசபக்திக்குச் சான்றிதழ் கேட்கிறீர்கள்? போர் நினைவிடங்களில் பொறித்திருக்கும் பெயர்களை ஒருமுறை நின்று படியுங்கள்.

இந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு பக்தரிடமும் பாகிஸ்தான் கட்டணம் வாங்கியது. "20 டாலர் பாகிஸ்தானுக்குப் போகிறதே" என்பது இன்னொரு வாதம். பக்தர்களா அந்தக் கட்டணத்தைக் கேட்டு வாங்கினார்கள்?

பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட நன்கானா சாகிப் முதலான தலங்களைத் தடையின்றித் தரிசிக்க அருள் செய் என்று சீக்கியர்களின் அர்தாஸ் பிரார்த்தனையில் ஒரு வரி உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். குரு நானக்கின் 550ஆவது பிறந்தநாளையொட்டி 2019 நவம்பர் 9 அன்றுதான் கர்தார்பூர் பாதை திறந்தது. காலையில் போனால் மாலையில் திரும்பிவிட வேண்டும். 72 ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு பகல். நான்கே மாதத்தில் கொரோனா வந்து அதையும் மூடியது; மறுபடி திறக்க 2021 நவம்பர் ஆயிற்று.

விசா இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம், பாஸ்போர்ட் இல்லாமல் விடுவதில்லை. வாழ்நாளில் வெளிநாடு போக நினைத்தே பார்க்காத குர்தாஸ்பூர் கிராமத்துக் கிழவி எதற்காகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பார்? அடுத்து பாதை திறக்கும்போது ஆதார் அட்டையே போதும் என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 20 டாலரையும் நீக்க வேண்டும். இதைக் கேட்பதற்காக என்னையும் பாகிஸ்தானுக்குப் போகச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தப் பதிவை நான் நீக்கப்போவதில்லை.