மொத்தமாக மாற்ற வேண்டாம்

பெங்களூரு எஃப்சி கால்பந்து அணியின் பின்களத்தை, அதாவது கோல் விழாமல் தடுக்கும் வரிசையை, அடியோடு கலைத்துப் புது ஆட்களை எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2019 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியில் எஃப்சி கோவாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரே ராகுல் பெக்கே என்ற டிஃபெண்டர்தான் (பின்கள வீரர்). அந்த அனுபவத்தைக் கடையில் வாங்க முடியாது.

2025 ஐஎஸ்எல் இறுதியில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் முன்னிலை பெற்றும் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றோமே, அது இன்னும் வலிக்கிறது. நம் சொந்த மைதானமான கண்டீரவாவில் கேலரியிலிருந்து பார்த்தாலே குறை தெரியும். இடது பின்களத்தில் ஆடும் ரோஷன் சிங், ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போட (கிராஸ்) மேலே ஏறுவார், அது நம் பலம். ஆனால் பந்து பறிபோனால் அவருக்குப் பின்னால் இடது பக்கம் காலி. அதை மூட சென்டர் பேக் (பின்களத்தின் நடுவில் நிற்பவர்) ஓடினால் நடுவில் ஓட்டை. அங்கே நின்று காக்கும் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்தான் (பின்களத்துக்கு முன்னால் நின்று தடுக்கும் நடுகள வீரர்) முதல் தேவை.

அப்புறம், உயரமான இளம் சென்டர் பேக் ஒருவர். வெளிநாட்டு வீரர்களுக்கான இடத்தை அதற்குச் செலவழிக்காதீர்கள். பெங்களூரில் ஹலசூர் பக்கம் கௌதமபுரத்தில் தமிழ்ப் பையன்கள் தெருவிலேயே பந்து உதைத்து வளர்கிறார்கள். கிளப் ஆட்கள் ஒரு சாயங்காலம் அங்கே போய்ப் பார்க்கட்டும்.