கயிற்றின் வேலை அறிந்த கோடு

கடல் ஓவியம் என்றால் பீரங்கிப் புகைக்கு நடுவே மோதும் போர்க்கப்பல்களையும் மலைபோல் எழும் அலைகளையும் காட்டும் தைல வண்ண ஓவியங்களே பலரின் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் கப்பலில் நாள்தோறும் உழைத்த மனிதரைக் காண விரும்புவோர் எட்சிங் எனப்படும் அமிலப் பொறிப்போவியங்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ரெய்னியர் நூம்ஸ், 'ஸேமான்', அதாவது கடலோடி, என்றே தம் படைப்புகளில் கையொப்பமிட்டார். சரக்குக் கப்பல்களோடு, பக்கவாட்டில் சாய்த்து அடிப்பாகம் செப்பனிடப்படும் கப்பல்களையும் அவர் செப்புத் தகட்டில் வரைந்தார். பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலையை வரையத்தக்க பொருளாக அவர் மதித்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், பிரெஞ்சுக் கடற்படையிலிருந்து விலகி ஓவியரான சார்ல் மெரியோன், நூம்ஸின் படைப்புகளைப் பார்த்து வரைந்தே இக்கலையில் தேர்ந்தார்.

இந்த ஊடகம் கப்பலுக்குப் பொருந்துவதற்குக் காரணம் அதன் செய்முறையிலேயே இருக்கிறது. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறிய கோடுகளை அமிலம் அரிக்கிறது. நெடுநேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழமாகி, அதிக மையை ஏற்றுக் காகிதத்தில் கருமையாகப் பதிகிறது. ஆகவே பாரம் தாங்கி விறைத்து நிற்கும் வடத்தையும் தொலைவில் மங்கித் தெரியும் மெல்லிய கயிற்றையும் கோட்டின் அழுத்தத்தாலேயே வேறுபடுத்திக் காட்ட முடிகிறது.

அந்த ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்தியவர் என்று நான் கருதுவது ஆங்கிலேயரான ஆர்தர் பிரிஸ்கோவை (1873–1943). 1922இல் லுவூஃப் என்ற போலந்துப் பயிற்சிப் பாய்க்கப்பலில் பயணம் செய்த அவர், 1925இல் பாயைச் சுருக்கி மேலேற்றும் கயிறுகளை மாலுமிகள் சேர்ந்திழுக்கும் காட்சியைப் பொறித்தார். அதில் தனியொரு நாயகன் இல்லை, வேலைதான் இருக்கிறது. அமெரிக்கரான வின்ஸ்லோ ஹோமரும், சூரியனின் உயரத்தை அளக்கும் இரு கடலோடிகளைத் தாம் வண்ணத்தில் தீட்டிய மறு ஆண்டே, 1887இல், எட்சிங்காகச் செய்தபோது, கப்பலின் விவரங்களைக் குறைத்து அவ்விருவரையும் நமக்கு இன்னும் அருகில் கொண்டுவந்தார்.

காகிதம் நீண்ட நேரம் ஒளியைத் தாங்காது என்பதால் இத்தகைய அச்சுகள் அருங்காட்சியகப் பெட்டிகளிலேயே பெரும்பாலும் உறங்குகின்றன. வெளியே எடுத்து வைக்கும் அரிய வேளையிலேனும், ஓவியரின் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்திக்கொள்ளாமல், அம்மனிதர்கள் எந்தக் கயிற்றை எதற்காக இழுக்கிறார்கள் என்பதையும் காட்சிக் குறிப்பில் எழுதுமாறு அருங்காட்சியகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.